லினக்ஸ் மடிக்கணினியில் தீச்சுவர்: பூட்டு இருக்கிறது, பூட்டத்தான் ஆளில்லை

லினக்ஸ் பெரும்பாலும் கடையில் வாங்கப்படுவதில்லை; கைமாறிக் கைமாறித்தான் பரவுகிறது. கல்லூரி விடுதியில் யாரோ ஒரு சீனியர் பென் டிரைவோடு வருவார். ஜூனியரின் பழைய மடிக்கணினியில் அரை மணி நேரத்தில் உபுண்டுவை நிறுவிவிடுவார். வைஃபை கிடைக்கிறதா, தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா, படம் ஓடுகிறதா என்று பார்ப்பார். "இனிமேல் வைரஸ் தொல்லையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கணினிக்குள் ஒரு தீச்சுவர் இருக்கிறது, அது அணைந்தே கிடக்கிறது என்பதை மட்டும் அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை.

வைரஸ் பற்றி அவர் சொன்னது ஓரளவு சரிதான். விண்டோஸைக் குறிவைத்து எழுதப்பட்ட தீநிரல்கள் லினக்ஸில் அப்படியே ஓடிவிடாது. ஆனால் வைரஸ் வேறு, திறந்து கிடக்கும் கதவு வேறு. ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் இரண்டாவது பிரச்சினைக்கானது. ஒரு மடிக்கணினியில் லினக்ஸை நிறுவிக் கொடுப்பவர் தீச்சுவரை இயக்காமல் எழுந்து போனால் வேலையை முக்கால்வாசிதான் முடித்திருக்கிறார் என்று பொருள். மீதி வேலைக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்தான் என்பதால் இதற்குச் சாக்கும் இல்லை.

தீச்சுவர் என்பது என்ன?

வலையில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிக்குள் போர்ட் எனப்படும் கதவு எண்கள் 1 முதல் 65535 வரை உண்டு. ஏதாவது ஒரு நிரல் ஒரு கதவின் பின்னால் உட்கார்ந்து, "யாராவது தட்டினால் நான் பதில் சொல்கிறேன்" என்று காத்திருந்தால் அந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்கிறோம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் 22-ஆம் எண்ணிலும், அச்சுப்பொறிச் சேவை 631-ஆம் எண்ணிலும் காத்திருப்பது வழக்கம். வெளியிலிருந்து தட்டுபவர் அந்த நிரலை எட்டலாமா கூடாதா என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் தீச்சுவரின் வேலை.

இந்த வசதி லினக்ஸுக்குப் புதிதல்ல. நெட்ஃபில்டர் என்ற வடிகட்டி 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. 2014-இல் வந்த 3.13 கெர்னலில் என்எஃப்டேபிள்ஸ் என்ற அடுத்த தலைமுறையும் சேர்ந்தது. ஆக, பூட்டு கதவிலேயே பொருத்தித்தான் வருகிறது. சாவியைத் திருப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. ஐபிடேபிள்ஸ் கட்டளைகளை எழுதுவது வலை நிர்வாகிகளுக்கே தலைவலி. சாதாரணப் பயனரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தத் தலைவலியைப் போக்கத்தான் 2008 ஏப்ரலில் வந்த உபுண்டு 8.04 பதிப்பில் யூஎஃப்டபிள்யூ அறிமுகமானது. 'சிக்கலில்லாத தீச்சுவர்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. பெயருக்கு ஏற்ற மாதிரி சிக்கலும் இல்லை. உபுண்டுவில் அது நிறுவப்பட்டே வருகிறது; இயக்கப்படாமல் வருகிறது. லினக்ஸ் மின்ட்டிலும் இதே கதைதான்; கூடுதலாக, மவுஸால் அழுத்தி இயக்க ஒரு சாளரமும் தந்திருக்கிறார்கள்.

ஏன் அணைத்து வைத்திருக்கிறார்கள்?

இதற்கு உபுண்டு தரப்பில் நியாயமான பதில் உண்டு. புதிதாக நிறுவிய கணினியில் வெளியாருக்குக் காத்திருக்கும் சேவை எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. யாரும் காத்திராத கதவுக்கு எதற்குக் காவல்? மேலும், தீச்சுவரை இயக்கி வைத்தால் அச்சுப்பொறி தெரியவில்லை, கைபேசி இணையவில்லை என்று புதியவர் திண்டாடுவார். காரணம் தீச்சுவர் என்று அவருக்குத் தெரியாது. "லினக்ஸே இப்படித்தான்" என்று விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார். இதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த வாதம் நிறுவிய நாளன்று மட்டுமே முழுமையாகப் பொருந்தும். அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, விதிவிலக்குகள். வலையில் முகவரி வாங்கித் தரும் சேவை, அருகிலுள்ள கருவிகளைக் கண்டுபிடிக்கும் சேவை போன்றவற்றுக்கு அந்தக் கொள்கையே இடம் கொடுக்கிறது. வசதிக்காகத் திறக்கும் இப்படிப்பட்ட கதவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 செப்டம்பர் 26 காட்டியது. சிமோனே மார்கரிடெல்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அன்று லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் இருந்த பிழைகளை வெளியிட்டார். வலையிலுள்ள அச்சுப்பொறிகளைத் தேடித் தரும் கப்ஸ் பிரௌஸ்டு என்ற சின்னச் சேவை, யூடிபி 631-ஆம் போர்ட்டில் எந்த முகவரியிலிருந்து செய்தி வந்தாலும் நம்பியது. "நான் ஒரு அச்சுப்பொறி, என் விவரம் இந்த இடத்தில் இருக்கிறது" என்று முன்பின் தெரியாத ஒருவர் ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும். கணினி அந்த இடத்துக்குப் போய் விவரத்தை வாங்கிக்கொண்டு வந்து ஒரு போலி அச்சுப்பொறியைச் சேர்த்துக்கொள்ளும். கணினிக்காரர் அந்த அச்சுப்பொறிக்கு எதையாவது அச்சிடக் கொடுத்தால், அனுப்பியவர் ஒளித்து வைத்த கட்டளை கணினியில் ஓடும்.

இதில் கணினிக்காரர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. தப்பான கோப்பைத் திறக்கவில்லை, தப்பான தளத்துக்குப் போகவில்லை. அச்சிடும் வசதி இருந்தது, அவ்வளவுதான். உள்வரும் இணைப்புகளை மறுக்கும் தீச்சுவர் இயங்கியிருந்தால் 631-க்கு வரும் அந்த அழையாத செய்தி வாசலிலேயே விழுந்திருக்கும். பக்கத்துக் கருவிகளைத் தேடும் எம்டிஎன்எஸ் வழியாக, அதே வலைக்குள் இருப்பவர் இதே வேலையைச் செய்ய இன்னொரு வழியும் இருந்தது. அந்த வழியை யூஎஃப்டபிள்யூ இயல்பாக அனுமதிக்கிறது. எனவே பிழையை உண்மையில் மூடியது மென்பொருள் திருத்தம்தான். திருத்தம் வந்து சேரும்வரை திறந்திருந்த இரண்டு கதவுகளில் ஒன்றைத் தீச்சுவர் மூடியிருக்கும். அதுவும் உலகின் எந்த மூலையிலிருந்தும் தட்டக்கூடிய கதவை.

இரண்டாவது ஓட்டை, பயனர். நிறுவிய நாளில் இருந்த மாதிரியே கணினி இருந்துவிடாது. நண்பருக்கு ஒரு பெரிய கோப்பைத் தர வேண்டும் என்று ஒருவர் பைத்தானின் சிறு வலைச் சேவையகத்தை ஓட்டுவார். அது 8000-ஆம் போர்ட்டில், சுற்றியிருக்கும் எல்லோருக்கும், கடவுச்சொல் கேட்காமல், அந்தக் கோப்புறை முழுவதையும் காட்டும். இன்னொருவர் ப்ராஜெக்டுக்காகத் தரவுத்தளம் ஒன்றை நிறுவுவார். மற்றொருவர் சாம்பாவில் கோப்புறையைப் பகிர்ந்துவிட்டு மறந்துபோவார். செமஸ்டர் முடியும்போது அந்த 'திறந்த கதவே இல்லாத' கணினியில் நாலைந்து கதவுகள் இருக்கும். எத்தனை என்று உரியவருக்கே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. டெர்மினலில் எஸ்எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதையொட்டி டி, யூ, எல், என் என்ற நான்கு எழுத்துகளும் தட்டினால் காத்திருக்கும் கதவுகள் எல்லாம் பட்டியலாக வரும். 127 என்று தொடங்கும் முகவரியில் இருப்பவை கணினிக்கு உள்ளேயே பேசிக்கொள்பவை; கவலை வேண்டாம். 0.0.0.0 என்றோ, அடைப்புக்குறிக்குள் இரண்டு முக்காற்புள்ளிகள் என்றோ இருந்தால் அது ஊருக்கே திறந்த கதவு. இந்தப் பட்டியலை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பலருக்குக் கொஞ்சம் வியர்க்கும்.

ரவுட்டர் காப்பாற்றாதா?

"வீட்டு ரவுட்டர் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறதே, தனியாகத் தீச்சுவர் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. வீட்டில் மேசை மேலேயே கிடக்கும் கணினிக்கு இது பெருமளவு சரி. ரவுட்டரின் நேட் ஏற்பாட்டால் வெளியிலிருந்து நேராக உள்ளே தட்ட முடியாது.

மடிக்கணினி அப்படி ஒரே இடத்தில் கிடப்பதில்லையே! காலையில் கல்லூரி, மாலையில் விடுதி, வாரக் கடைசியில் ரயில் நிலையத்து இலவச வைஃபை என்று அலைகிறது. ரவுட்டர் தடுப்பது தெருவில் நிற்பவரை. அதே வைஃபையில் இருக்கும் இருநூறு பேரை அல்ல. அவர்கள் எல்லாம் ஏற்கெனவே வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர்கள். சில வலைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, எங்கே உண்டு என்பது பயனருக்குத் தெரிவதும் இல்லை. இன்னொரு சங்கதி, ஐபிவி6. இந்தியாவில் கைபேசி வலைகளில் அது பரவலாகிவிட்டது. அதில் நேட் தரும் மறைப்பு கிடையாது. வழியில் யாராவது தனியாக வடிகட்டி வைத்திருந்தால்தான் பாதுகாப்பு. அந்த 'யாராவது' இருக்கிறாரா என்று தேடுவதைவிடச் சொந்தக் கணினியில் வடிகட்டியை இயக்குவது எளிது.

விண்டோஸ் பட்ட பாடு

லினக்ஸ் அன்பர்கள் விண்டோஸைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸ் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 2001-இல் வந்த எக்ஸ்பியிலும் தீச்சுவர் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தது. 135-ஆம் போர்ட்டைத் தட்டித் தட்டி, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே கணினி கணினியாகப் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது; நிறுவிக்கொள்ளாதவர்கள் ஏராளம். மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, தீச்சுவரை இயல்பாகவே இயக்கி வைத்தது. திருத்தம் போடுவதைப் பயனர் தள்ளிப்போடுவார், எனவே கதவு மூடியே இருக்கட்டும் என்பதுதான் அங்கே கற்ற பாடம். பயனரின் இந்தக் குணம் இயங்குதளம் மாறினால் மாறிவிடுமா என்ன?

லினக்ஸ் உலகிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஓப்பன்சூசே தீச்சுவரை இயக்கியே தருகிறது. ஃபெடோரா நடுவழியைப் பிடித்தது. அதன் வொர்க்ஸ்டேஷன் பதிப்பில் ஃபயர்வால்டி இயங்குகிறது. ஆனால் 1025 முதல் 65535 வரை எல்லாப் போர்ட்டுகளும் திறந்தே இருக்கின்றன. 2014-இல் இப்படி மாற்றியபோது அங்கேயே பெரிய விவாதம் நடந்தது. மேலே சொன்ன 8000-ஆம் போர்ட் அங்கே வெளியாருக்கு எட்டும். காவலாளி நிற்கிறார் என்பதால் கதவு மூடியிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

இங்கே சொல்லப்படும் கட்டளைச் சொற்களை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும்.

1. டெர்மினலில் 'சூடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள்' என்று தட்டிக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதை மறுப்பது, உள்ளிருந்து போவதை அனுமதிப்பது என்ற இரண்டும் அதன் இயல்பு நிலை. கணினியை அணைத்து இயக்கினாலும் நீடிக்கும். ஐபிவி6-க்கும் சேர்த்தே செயல்படும்.

2. 'சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் வெர்போஸ்' என்று தட்டினால் நிலவரம் தெரியும். ஆக்டிவ் என்றும், இன்கமிங்குக்கு டினை, அவுட்கோயிங்குக்கு அலோவ் என்றும் இருந்தால் சரி.

3. ஏதாவது ஒரு வசதி நின்றுபோனால் அதற்கு மட்டும் கதவைத் திறக்கலாம். கைபேசியை இணைக்கும் கேடிஇ கனெக்ட்டுக்கு 1714 முதல் 1764 வரை, டிசிபி, யூடிபி இரண்டிலும் தேவை. 'சூடோ யூஎஃப்டபிள்யூ அலோவ்' என்பதை அடுத்து 1714:1764 என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு டிசிபி என்று ஒரு முறையும் யூடிபி என்று ஒரு முறையும் தட்டினால் முடிந்தது.

4. வேலை முடிந்ததும் அதே கட்டளையில் அலோவ் என்பதற்கு முன்னால் 'டெலிட்' சேர்த்துத் தட்டினால் கதவு மூடிக்கொள்ளும்.

5. எஸ்எஸ்ஹெச் தேவைப்படுபவர்கள் 'அலோவ்' என்பதற்குப் பதில் 'லிமிட்' என்று கொடுக்கலாம். ஒரே முகவரியிலிருந்து 30 நொடிக்குள் ஆறு முறை தட்டினால் அது மறுத்துவிடும். கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் நிரல்களுக்கு இது நல்ல மருந்து.

இதனால் இணையத்தில் உலாவுவதோ, படம் பார்ப்பதோ நிற்காது. வெளியே போன கேள்விக்குத் திரும்பி வரும் பதிலைத் தீச்சுவர் அடையாளம் கண்டு விட்டுவிடும். கேட்காமல் வருவதைத்தான் தடுக்கும். மடிக்கணினியின் வேகம் குறைவதும் உணரும் அளவுக்கு இராது.

நான்காவது படியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். 192.168.1.0/24 என்ற வீட்டு வலைக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அதே எண் வரிசையை எத்தனையோ ரவுட்டர்கள் பயன்படுத்துகின்றன. விடுதியின் வைஃபையும் அதே வரிசையாக இருந்தால், வீட்டுக்கென்று திறந்த கதவு விடுதிக்கும் திறந்துதான் இருக்கும். தீச்சுவருக்கு எண் தெரியும், வீடு தெரியாது.

தீச்சுவர் செய்யாதவை

தீச்சுவரைப் போட்டுவிட்டோம் என்ற தெம்பில் மற்றதை மறப்பதும் ஆபத்துதான். வங்கியிலிருந்து வந்த மாதிரி வரும் போலி மின்னஞ்சலை அது தடுக்காது. எங்கோ படித்த கட்டளையைப் புரியாமல் சூடோவுடன் ஒட்டி ஓட்டினால் அது கைகட்டி வேடிக்கைதான் பார்க்கும். வெளியே போகும் இணைப்புகள் எல்லாம் அனுமதிக்கப்பட்டிருப்பதால், உள்ளே வந்துவிட்ட தீநிரல் வெளியே பேசுவதையும் தடுக்காது. மென்பொருள் திருத்தங்களை உடனுக்குடன் போடுவதற்கு மாற்று அல்ல.

கணினி அறிவியல் மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது டாக்கர். டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியிட்டால், அது தானே நெட்ஃபில்டர் விதிகளை எழுதிக்கொண்டு யூஎஃப்டபிள்யூவைச் சுற்றிக்கொண்டு போய்விடும். யூஎஃப்டபிள்யூ 'மறுக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்க, தரவுத்தளம் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். டாக்கரின் ஆவணங்களே இதை எச்சரிக்கின்றன. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்துக் கொடுப்பதே இதற்கு எளிய தீர்வு.

வவுச்சர் இல்லாமல் பணம் இல்லை

வணிகவியலில் தணிக்கைப் பாடம் படித்தவர்களுக்கு உள்கட்டுப்பாடு என்ற சொல் பழக்கமானது. வவுச்சர் இல்லாமல் கல்லாவிலிருந்து பணம் எடுக்கக்கூடாது என்பது சின்னக் கடையிலும் உள்ள விதி. காசாளர் திருடர் என்பதற்காக அந்த விதி இல்லை. நல்ல காசாளரும் ஒரு நாள் அவசரத்தில் மறப்பார்; அந்த ஒரு நாளுக்காகத்தான் விதி. "எங்கள் காசாளர் நல்லவர், வவுச்சர் வேண்டாம்" என்று எந்தத் தணிக்கையாளரிடமும் சொல்ல முடியாது. "எங்கள் கணினியில் திறந்த போர்ட் இல்லை, தீச்சுவர் வேண்டாம்" என்பதும் அதே மாதிரியான பேச்சுதான். இன்றைக்கு உண்மை; நாளைக்கு ஒரு மறதி போதும்.

ஒரு மாணவரின் மடிக்கணினியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல், கல்விக்கடனுக்காக ஸ்கேன் செய்த அப்பாவின் சம்பளச் சான்றும் வங்கிக் கணக்கு விவரமும், குடும்பப் படங்கள், பாதி எழுதிய ப்ராஜெக்ட் எல்லாம் இருக்கும். அவற்றில் பாதி அவருடையவையே அல்ல. அவரை நம்பி வீட்டார் கொடுத்தவை.

உபுண்டு நிறுவும்போது நாடு எது, விசைப்பலகை எது, நேர மண்டலம் எது என்று கேட்கிறது. "இந்தக் கணினியை வெளியிடங்களில் பயன்படுத்துவீர்களா? உள்வரும் இணைப்புகளை மறுக்கவா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் குடிமுழுகிப் போகாது. இயல்பாக 'ஆம்' என்று வைத்துவிட்டு, வேண்டாதவர் மாற்றிக்கொள்ளட்டும். தெரிந்தவருக்கு அணைக்கத் தெரியும். தெரியாதவருக்குத்தான் இயக்கத் தெரியாது. இயல்பு நிலை எப்போதும் தெரியாதவர் பக்கம் நிற்க வேண்டும்.

அந்தக் கேள்வி வரும்வரை அந்தப் பொறுப்பு பென் டிரைவ் வைத்திருப்பவருடையது. அடுத்த முறை யாருக்காவது லினக்ஸ் நிறுவிக் கொடுப்பவர், வைஃபை கிடைக்கிறதா என்று பார்த்த கையோடு அந்த ஒரு வரியையும் தட்டிவிட்டு, கதவைத் திறப்பதும் மூடுவதும் எப்படி என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முழுதாக முடிந்த மாதிரி.